சேற்றில் பதிந்த சரித்திரம்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

ஒரு நிலம் முன்னர் நஞ்சையாக இருந்ததா, புஞ்சையாக இருந்ததா, அன்றி மேய்ச்சல் புறம்போக்காகக் கிடந்ததா என்று வழக்கு எழுமானால், நாம் அடங்கலையும் செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் வரவழைத்துப் பார்க்கிறோம். அப்பதிவேடுகள் நூறு அல்லது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தியைத்தான் கூறவல்லவை. அதற்கு அப்பால் கோயிற் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஆயிரம் ஆண்டு, சிற்சில இடங்களில் ஈராயிரம் ஆண்டு வரையில் நம்மை அழைத்துச் செல்கின்றன. அதற்கும் முன்னர் எழுத்தே இல்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் அடர்ந்த காடு இருந்ததா, வெறும் புல் இருந்ததா, மழை மிகுந்து பெய்ததா, பொய்த்துப் போயிற்றா என்று கேட்டால், யார் சாட்சி சொல்வது?

ஏரிகளின் அடியிலும் மலைச் சதுப்புகளின் அடியிலும் ஆண்டுதோறும் படிந்து வந்த சேறுதான் சாட்சி சொல்ல வேண்டும். அச்சேற்றில் அகப்பட்டிருக்கும் பூக்களின் மகரந்தத் தூளையும், அதில் கலந்துள்ள உப்பு, சுண்ணாம்பு, களிமண் முதலிய கனிமங்களையும் ஆராய்ந்து, பண்டைக் காலத்துச் சீதோஷ்ண நிலையையும் தாவர வளத்தையும் கண்டறியும் விஞ்ஞானம் கடந்த நூறாண்டுகளில் நன்கு வளர்ந்திருக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் இதனால் என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான். ஆனால் இவ்வாராய்ச்சி நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய நில வழக்கைத் தீர்க்க உதவியிருக்கிறது. முதலில் அந்த வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நீலகிரிப் புல்வெளி வழக்கு

உதகமண்டலத்தைச் சுற்றியும் அதற்கு மேற்கிலும், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் உயர்ந்த மேட்டுநிலத்தில் ஒரு விந்தையான காட்சியைக் காணலாம். ஓடை செல்லும் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைகள் இருக்கும். அவற்றின் விளிம்பில் கத்தியால் அறுத்தாற்போல் மரங்கள் நின்றுவிடும். மேடு முழுவதும் புல்லே பரந்து கிடக்கும். மழைக்குக் குறைவில்லாத மலையில் காடு ஏன் எங்கும் பரவவில்லை?

1938ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு இரண்டு வன விஞ்ஞானிகள் இரண்டு விடைகளைத் தந்தார்கள். சி. ஆர். ரங்கநாதன் என்பவர், புல்வெளி அந்தச் சீதோஷ்ணத்திற்கு இயல்பானது என்றும், குளிர்காலத்து உறைபனி திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது என்றும் கூறினார். என். எல். போர் என்பவரோ, மனிதன் வைத்த தீயும் மேய்ச்சலுமே பழைய காட்டை அழித்துப் புல்லாக்கின என்று வாதித்தார். இருவரும் கற்றவர்கள், இருவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. கண்ணுக்கு முன் நிற்கும் புல்லையும் மரத்தையும் எத்தனை நாள் பார்த்தாலும், இரண்டில் எது மூத்தது என்று தெரியப் போவதில்லை அல்லவா?

தீர்ப்பு எப்படி இருந்தாலும் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. புல்வெளி என்பது அழிந்துபோன காடு என்றால், அங்கே மரம் நடுவது இழந்ததை மீட்பதாகும். அது ஆதியிலிருந்தே புல்வெளிதான் என்றால், அங்கே மரம் நடுவது நன்செய் வயலில் கட்டடம் கட்டுவதைப் போன்றது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்தே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும் இப்புல்வெளிகளில் நடப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின் ஆலைகளுக்கு மரக்கூழும், தோல் பதனிடப் பட்டையும் வேண்டியிருந்ததால், நடவு பல்லாயிரம் ஏக்கருக்குப் பெருகிற்று. நட்டவர்கள் கெட்ட எண்ணத்துடன் நட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. “சும்மா கிடக்கும் புல்தரை” என்னும் சொற்றொடரைக் கூட்டங்களில் இன்றும் பல முறை கேட்கிறேன். நிலம் சும்மா கிடக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, அதன் பூர்வோத்தரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாரா என்பதே கேள்வி.

அழியாத தூள்

மக்காச்சோளக் கொல்லையில் ஆண்பூ விரியும் பருவத்தில் காலையில் நடந்து சென்றால் சட்டையில் மஞ்சள் தூள் ஒட்டுவதை விவசாயிகள் யாவரும் அறிவர். கம்பும் சோளமும் பூப்பிடிக்கும்போது பெருமழை பெய்தால் தூள் கழுவப்பட்டுக் கதிர் பொக்கையாகிவிடும் என்பதும் தெரிந்ததே. அந்தத் தூள்தான் மகரந்தம். ஒரு செடி வெளியிடும் கணக்கற்ற மணிகளில் மிகச் சிலவே சூல்முடியைச் சேர்கின்றன. மற்றவை காற்றோடு போய் மண்ணிலும் நீரிலும் விழுகின்றன.

ஒரு மகரந்த மணியின் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். உள்ளே இருக்கும் உயிர்ச்சத்து விரைவில் அழுகிவிடும். ஆனால் அதன் மேல்தோடு, உயிருள்ளவை உண்டாக்கும் பொருள்களுள் மிகவும் உறுதியானவற்றில் ஒன்று. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் அது பல்லாயிரம் ஆண்டுகள், ஏன், பல கோடி ஆண்டுகள்கூடக் கெடாமல் கிடக்கும். அத்தோட்டின் மீதுள்ள துளைகளும் பள்ளங்களும் முட்களும் வலைப்பின்னலும் இனத்திற்கு இனம் வேறுபடும். புல்லின் மகரந்தம் வழவழப்பான உருண்டையாய், ஒரே ஒரு வட்டத் துளையுடன் இருக்கும். சூரியகாந்தி இனத்தின் மகரந்தம் முள் நிறைந்த பந்து. ஆகவே முத்திரையைப் பார்த்துப் பத்திரம் எந்த அலுவலகத்தினுடையது என்று சொல்வதுபோல, மணியைப் பார்த்து அது எந்தக் குடும்பத்துச் செடியினுடையது என்று தேர்ந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

செய்முறை பொறுமையைச் சோதிக்கும் ஒன்றாகும். சதுப்பில் நீண்ட குழாயை நேராக இறக்கிச் சேற்றை அடுக்குக் கலையாமல் வெளியே எடுக்கிறார்கள். மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது. குறிப்பிட்ட இடைவெளிகளில் சிட்டிகையளவு சேற்றை எடுத்து, ஓர் அமிலத்தினால் சுண்ணாம்பையும், எரிபொட்டாசினால் மக்கிய பொருளையும், கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தினால் மணலையும் கரைத்து நீக்குகிறார்கள். இவ்வளவுக்கும் கரையாமல் எஞ்சுவது மகரந்தத் தோடு. பின்னர் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து ஒவ்வோர் அடுக்கிலும் சில நூறு மணிகளை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். நூற்றுக்கு இத்தனை புல், இத்தனை மரம், இத்தனை நீர்ச்செடி என்று கணக்கு எழுதி, அடுக்கடுக்காக வரைபடம் போடுகிறார்கள். இத்தகைய வரைபடத்தை முதன்முதலில் 1916இல் அறிஞர் சபை ஒன்றில் காட்டியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த லென்னார்ட் வான் போஸ்ட் என்பவர்.

பழைய மணியை அடையாளம் காண வேண்டுமானால், இன்று வாழும் செடிகளின் மணிகளைச் சேகரித்து வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு இரண்டு நிலையங்கள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. லக்னோவில் பீர்பல் சாஹ்னி 1946இல் தொடங்கிய தொல்தாவர ஆராய்ச்சி நிலையம் ஒன்று. 1949 ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் நேரு அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். கல்லாய்ச் சமைந்த பழந்தாவரங்களைப் பதித்துச் செய்த அடிக்கல் அது. ஒரு வாரத்திற்குள் சாஹ்னி காலமாகிவிட்டார். மற்றொன்று புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம். அங்கே 1960இல் தொடங்கிய மகரந்த ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர் தணிகைமணி என்னும் தமிழ் விஞ்ஞானி. 1986 செப்டம்பரில் கராச்சியில் விமானக் கடத்தல்காரர்களால் கொல்லப்பட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பது வருந்தத்தக்க செய்தி.

சாண்டிநல்லாச் சதுப்பு கூறியது

நீலகிரி மேட்டில் ஓடைகளின் ஓரத்தில், மிதித்தால் மெத்தைபோல் அமிழும் கருஞ்சேற்றுப் பள்ளங்கள் உண்டு. தேங்கிய குளிர்ந்த நீரில் புல்லும் கோரையும் முழுவதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டானவை அவை. இச்சேற்றை விஞ்ஞானிகள் பீட் என்பார்கள். நிலக்கரியாக மாறும் வழியில் முதற்படியில் நிற்பது என்று கொள்ளலாம். உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவில் இத்தகைய பள்ளம் இருக்கிறது. புதுச்சேரி நிலையத்தைச் சேர்ந்த தணிகைமணி, பிளாஸ்கோ, ஜி. வசந்தி முதலியோர் நீலகிரிப் பள்ளங்களின் மகரந்தத்தை ஆராய்ந்து, 1974 முதல் 1988 வரையில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அடுக்குகளின் வயதை அறியும் வழி இது. உயிருள்ள செடிகளில் மிகச் சிறிதளவு கதிரியக்கக் கரி உண்டு. செடி இறந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எஞ்சியிருப்பதை அளந்தால், இறந்த காலம் தெரியும். 1949இல் இதனை நிறுவிய லிப்பி என்னும் அமெரிக்கருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இம்முறை செல்லாது.

சாண்டிநல்லாவின் சேறு முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது என்று தெரியவந்தது. பிற்பாடு 1997இல் வெளியான ஆராய்ச்சியில் இந்தப் பதிவு நாற்பதாயிரம் ஆண்டு வரை நீண்டது. இவ்வளவு நெடிய காலத்தின் அடுக்குகளிலும் புல்லின் மகரந்தம் இருந்துகொண்டே வருகிறது. சில காலத்தில் சோலை மரங்களின் பங்கு ஏறுகிறது, சில காலத்தில் இறங்குகிறது. புல் மட்டும் மறைந்து போகவில்லை. மலையின் மேட்டுப்பகுதியில் மக்கள் குடியேறி எருமை மேய்த்ததற்கும் பயிர் செய்ததற்கும் உள்ள சான்றுகளோ சில ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டவில்லை. தோடரும் படகரும் வருவதற்கு வெகு காலம் முன்பே புல்வெளி அங்கே இருந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும். தீயும் மேய்ச்சலும் அதன் எல்லையை அங்கங்கே அகட்டியிருக்கலாம். போர் கூறியதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கலாம். ஆனால் மனிதன்தான் புல்வெளியை உண்டாக்கினான் என்னும் வாதம் நிற்கவில்லை. என் அபிப்பிராயத்தில் ரங்கநாதன் பக்கமே வழக்கு வென்றிருக்கிறது.

ஆயினும் மகரந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது. காற்றில் தூள் பரப்பும் செடிகள் அளவுக்கு மீறி எண்ணிக்கையில் தெரியும்; வண்டும் தேனீயும் சுமந்து செல்லும் பூக்களின் தூள் மிகக் குறைவாகவே சேற்றை அடையும். புல் காற்றில் பரப்புவது. சோலை மரங்கள் பல வண்டை நம்பியிருப்பவை. மேலும், பள்ளத்திலேயே வளரும் புல் தன் தூளை அங்கேயே கொட்டுமே, அதைக் கண்டு மேடெல்லாம் புல் என்று சொல்லலாமா? நியாயமான ஆட்சேபனைதான். அதனால்தான் வேறொரு சாட்சியும் அழைக்கப்பட்டது.

செடிகளில் இரு வகை உண்டு. மரங்கள், நெல், நிலக்கடலை முதலியவை ஒரு வகை. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, மற்றும் வெயிலையும் வறட்சியையும் தாங்கும் பல புற்கள் மற்றொரு வகை. காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுக்கும் முறை இவ்விரு வகைக்கும் வேறு. அதனால் இவற்றின் உடலில் சேரும் சாதாரணக் கரிக்கும் சற்றே எடை கூடிய கரிக்கும் உள்ள விகிதமும் வேறு. செடி மக்கிச் சேறான பின்னும் அந்த விகிதம் மாறுவதில்லை. 1993இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகிய நால்வர் நீலகிரிச் சேற்றில் இவ்விகிதத்தை அளந்து, இருபதாயிரம் ஆண்டுச் சரித்திரத்தை “நேச்சர்” பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

உலகத்தின் வடபகுதிகளைப் பெரும்பனி மூடியிருந்த காலத்தில், அதாவது ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், நீலகிரியில் வறட்சி தாங்கும் புல் ஓங்கியிருந்தது. தென்மேற்குப் பருவமழை அப்போது நலிந்திருந்தது. பனி உருகிய பின், ஏறக்குறைய பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன், மழை வலுத்தது. ஈரம் விரும்பும் தாவரம் பெருகிற்று. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னைய காலத்தில் மீண்டும் ஒரு வறட்சி. ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகிய ஈரக் காலம். இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: பனிக்காலத்தில் காற்றிலிருந்த கரியமில வாயு இன்றைய அளவில் பாதிக்கும் குறைவு. வாயு குறைந்தால் கரும்பு வகைப் புற்களுக்கே ஆதாயம். ஆகவே அன்று புல் ஓங்கியதற்கு மழைக்குறைவு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

உப்பளம் கற்பிக்கும் பாடம்

மழையைப் பற்றிச் செடியிடம் கேட்பதைவிட நீரிடமே கேட்பது நேர்வழி. அதற்குக் கனிமங்கள் உதவுகின்றன. வேதாரணியத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாத்திகளில் கடல்நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பு படிகிறது. நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே உப்பு விளைகிறது. இந்த வரிசை மாறுவதில்லை. ஆகவே வெளியேறும் வழியில்லாத ஓர் உள்நாட்டு ஏரியின் அடியில் உப்புப் படலம் இருந்தால், அக்காலத்தில் ஏரி அறவே வற்றியது என்றும், ஜிப்சம் இருந்தால் பெரிதும் சுண்டியது என்றும், மெல்லிய களிமண் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் ஆழமாக நீர் நின்றது என்றும் அறியலாம்.

களிமண்ணிலும் வேறுபாடு உண்டு. இடைவிடாத பெருமழை பாறையிலுள்ள சத்துகளைக் கரைத்துக்கொண்டு போனபின் எஞ்சுவது, வெடிக்காத, சத்துக் குறைந்த வெளிறிய களிமண்ணும் செம்பூராங்கல்லும். மழையும் கடும் வெயிலும் மாறிமாறி வரும் இடத்தில் உண்டாவது, நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளக்கும் கரிசல் வகைக் களிமண். ஏரிச் சேற்றில் இவ்விரண்டின் பங்கும் காலத்திற்குக் காலம் மாறுவதைக் கொண்டு சுற்றுப்புறத்து மழையை ஊகிக்கிறார்கள். மூலப்பாறையைப் பொறுத்தும் களிமண் மாறும் என்பதால், இதனைத் தனியே நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை.

கனிமச் சாட்சி மிகத் தெளிவாகக் கிடைத்த இடம் ராஜஸ்தான். அங்குள்ள சாம்பர், டீட்வானா, லூண்கரண்சர் என்னும் உப்பேரிகளை, நீலகிரியில் மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றே நிரப்புகிறது. டீட்வானா ஏரியின் அடியில், பனிக்காலத்தைச் சேர்ந்த அடுக்குகளில் உப்புப் படலங்கள் அகப்பட்டன. நீலகிரிப் புல் எந்தக் காலத்தை வறட்சிக் காலம் என்றதோ, அதையேதான் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள உப்பும் சொல்லியிருக்கிறது. இரு சாட்சிகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டவர்கள் அல்லர். எல்லா விவரங்களிலும் அவை ஒத்துப்போகின்றன என்று நினைக்க வேண்டா. நீலகிரியில் மழை வலுத்துப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் லூண்கரண்சர் ஏரியில் நீர் ஆழமில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. ஏறக்குறைய 7,200 ஆண்டுகளுக்கு முன்னர்தான் அது திடீரென்று நிரம்பியது. ஒரே மழையில் ஓர் ஊர் ஏரி நிரம்புவதும் அடுத்த ஊர் ஏரி காய்வதும் நமக்குப் புதியதல்லவே.

இவ்வேரிகளின் மகரந்தத்தை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் குர்தீப் சிங். அவர் 1971இல் ஒரு பெரிய கருத்தை வெளியிட்டார். சிந்துவெளி நகரங்கள் செழித்த காலத்தில் அப்பகுதியில் நல்ல மழை இருந்தது என்றும், மழை குறைந்ததனால் அந்நகரங்கள் தளர்ந்தன என்றும் அவர் கூறினார். மேலும், ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய அடுக்குகளில் பெரிய அளவுள்ள புல் மகரந்தத்தையும் கரித்துகளையும் கண்டு, மக்கள் புதர்களை எரித்துத் தானியம் பயிரிட்டிருக்கக்கூடும் என்று கருதினார். பெரிய மணியுள்ள காட்டுப்புற்களும் உண்டாகையால் இந்தப் பிற்கருத்தைப் பலர் ஏற்கவில்லை.

முதற்கருத்துக்கு 1999இல் மறுப்பு வந்தது. லூண்கரண்சர் ஏரியின் அடுக்குகளை நெருக்கமாக அளந்து காலம் கணித்த என்சல் முதலியோர், அந்த ஏரி ஏறக்குறைய 5,500 ஆண்டுகளுக்கு முன்னரே முற்றிலும் வற்றிவிட்டது என்று கண்டார்கள். சிந்துவெளிப் பெருநகரங்கள் எழுந்தது அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து. அப்படியானால் ஏரியை வற்றச் செய்த வறட்சி நகரங்களை அழித்தது என்று சொல்ல இயலாது. மழை குன்றிய காலத்திலேயே, ஆற்றுவெள்ளத்தையும் நீர்த்தேக்கங்களையும் நம்பி அம்மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். வேறு இடங்களில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு பிற்கால வறட்சி ஒன்றைக் காரணமாகச் சொல்வோரும் உண்டு, விவாதம் முடியவில்லை. பஞ்சம் என்றவுடன் பழியை மழையின் மேல் போட்டுவிட்டு, மதகையும் வரத்துக் கால்வாயையும் பார்க்க மறந்துவிடும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால், இந்த விவாதத்தை நான் ஆர்வத்துடன் படித்தேன்.

நம் ஊர் ஏரியில் கிடைக்குமா?

இதையெல்லாம் கேட்ட ஒருவர், அப்படியானால் ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது சரித்திரத்தை அள்ளி வீசுவதாகுமே என்று கவலைப்படலாம். அஞ்ச வேண்டுவதில்லை. சமவெளியில் நம் ஏரிகள் பெரும்பாலும் கோடைதோறும் வற்றி வெடிக்கின்றன. காற்றுப் பட்டால் மகரந்தத் தோடு சிதைந்துவிடும். பல தலைமுறைகளாகத் தூர் வாரியதால் அடுக்கும் கலைந்திருக்கிறது. அனுமதி பெற்று வண்டல் எடுப்பது ஏரிக்கும் வயலுக்கும் நல்லதே. காக்கப்பட வேண்டியவை ஆண்டு முழுதும் ஈரம் வற்றாத இடங்கள்: மலைச் சதுப்புகள், நெடுங்காலம் வற்றாத மடுக்கள், கடலோரக் கழிமுகச் சேறு ஆகியவை.

இவற்றுள் மலைச் சதுப்புக்கே ஆபத்து அதிகம். நடுவில் ஒரு வடிகால் வெட்டினால் போதும், ஓரிரு பருவங்களில் சதுப்பு காய்ந்து கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஏற்ற கருமண் நிலமாகிவிடும். முதலில் விளைச்சல் நன்றாகத்தான் இருக்கும். பின்னர் காற்றுப் புகுந்த சேறு மக்கிக் கரைந்து மட்டம் இறங்கும். தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் சிறுகச் சிறுக விட்டுவந்த பஞ்சு போய்விடும். சாண்டிநல்லா ஓடையின் நீர் பைக்காராவோடு சேர்ந்து, மாயாறாக இறங்கிப் பவானிசாகரை அடைகிறது. 1955இல் கட்டி முடிந்த அவ்வணையின் கீழ்பவானிப் பாசனம் மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். ஆகவே மலையின் மேல் ஒரு பள்ளம் காய்வது ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்குச் சம்பந்தமில்லாத செய்தி அன்று.

புல்வெளியில் மரம் நட்டால் நீர் என்னாகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் உதகை மையம், கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் அளந்து வந்தது. 1972இல் அவற்றுள் ஒன்றில் நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில் கற்பூர மரம் நடப்பட்டது; மற்றொன்று புல்லாகவே விடப்பட்டது. முதல் பத்தாண்டு நடவில், மரம் நட்ட பிடிப்பிலிருந்து வரும் நீர் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் முறையில் அதனினும் குறைந்தது. கோடைக்காலத்து ஓட்டத்தில் குறைவு இன்னும் கடுமையாகத் தெரிந்தது.

மரமே நடக்கூடாது என்பது இதன் பொருளன்று. சமவெளிக் கிராமத்துச் சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் புங்கும் வேம்பும் நடுவதற்கு இச்சான்றுகள் எதிரானவை அல்ல. அழிந்த சோலையின் ஓரத்தில் சோலை மரக் கன்றுகளை நடுவதும் நல்லதே. நடவுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது அது காடாக இருந்த இடமா, புல்லாக இருந்த இடமா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருப்பதாலேயே அதைப் பயனற்ற தரிசு என்று எழுதிவிடக் கூடாது. அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய செடிகளை அகற்றி இயற்கைத் தாவரத்தை மீட்பதற்காக நம் மாநில அரசு 2022இல் தனியே ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது. நீலகிரிச் சீகை மரங்களும் அத்தகையவற்றைச் சேர்ந்தவையே.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடிய காரியம் ஒன்று கைவசம் உள்ளது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். மரம், மூலிகை, மாடு, மீன் ஆகியவற்றை அதில் எழுதுகிறோம். மலைப் பஞ்சாயத்துகளில் வற்றாத சேற்றுப் பள்ளங்களையும் அவ்வாறே எழுதலாம். இடம், சர்வே எண், ஏறத்தாழப் பரப்பு, கோடையில் ஈரம் நிற்கிறதா, வடிகால் வெட்டியிருக்கிறதா, சுற்றிலும் புல்லா மரமா என்னும் ஆறு விவரங்கள் போதும். பள்ளத்தின் பெயரை அவ்வூர்ப் பெரியவர்கள் வழங்குகிறபடியே எழுதுவது நல்லது; மேய்ச்சலுக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொன்றும் பெயருடன் தெரிந்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் குழாயுடன் வந்தால் அவர்கள் எடுப்பது ஒரு கை கனமுள்ள சேற்றுத் தூண் மட்டுமே. துளை சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். எடுத்த சேறு என்ன கூறிற்று என்பதைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துக்கு ஒரு பிரதி அனுப்பும்படி அவர்களைக் கேட்டு வாங்கி, அதனையும் அந்தப் பதிவேட்டிலேயே சேர்த்து வைக்கலாம்.